அடிபட்ட காந்தம்

வாசகர்களே, ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று நீங்கள் இருக்கன்குடிக்கு வந்ததுண்டா? சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்தது எங்கள் மாரியம்மன் கோயில். அன்று ஆற்று மணலெங்கும் மக்கள் தலைகளே தெரியும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கயிறு கட்டிய வழியருகே, விடிய விடிய நிற்கும் காவலரை நாம் கவனிப்பதில்லை. அதே காவலர், மறுவாரம் ஏதேனும் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் அங்கும் போய் நிற்பார். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய இடங்களில் உடல்களை அடையாளம் காணவும், உறவினரைத் தடுத்து நிறுத்தவும், இரவெல்லாம் காவல் இருக்கவும் வேண்டியவர்கள் காவலர்களே.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் காவலர் பணியில் சேர்ந்தார். அவரும் அப்படி ஒரு விபத்துக் களத்தில் இரண்டு நாள் நின்றவர். அதன்பின் உறக்கம் போயிற்று. மருந்து வாடை மூக்கில் பட்டால் கை நடுங்கிற்று. சில ஆண்டுகள் போராடிவிட்டு, உடல் நலமில்லை என்று பணியை விட்டார். இயலாமைக்கான ஓய்வூதியம் கேட்டு மனுச் செய்தார். வந்த பதில் ஒரே வரி: 'நோய் பணியினால் விளைந்தது என்பதற்குச் சான்று இணைக்கப்படவில்லை.' அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "சார், கை போயிருந்தால் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது?" என்றார்.

நியாயமான கேள்வி. இது அவர் ஒருவரது கேள்வியும் அன்று. ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளாக மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றனர். அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

காந்தமும் சுத்தியலும்

வரலாறு இரயில் வண்டியில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இரயில் விபத்துகள் பெருகின. விபத்தில் எலும்பு முறிவோ இரத்தக் காயமோ இல்லாமல் தப்பியவர் சிலர், வீடு திரும்பிச் சில நாள் கழித்து நோயில் விழுந்தனர். உறக்கமின்மை, நடுக்கம், மறதி, காரணமற்ற அச்சம். அவர்கள் இரயில் கம்பெனிகள் மீது நட்டஈடு வழக்குத் தொடுத்தனர். 'காயம் எங்கே?' என்று கேட்டன கம்பெனிகள்.

இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866-இல் இதுபற்றி நூல் எழுதினார். தண்டுவடம் அதிர்ந்ததால் வந்த நோய் இது என்பது அவர் கொள்கை. அதை விளக்க அவர் கையாண்ட உவமை ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு மிகவும் பிடித்தமானது. குதிரை இலாட வடிவக் காந்தம் ஒன்றைச் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். அதன் காந்த சக்தி போய்விடும். எப்படிப் போயிற்று என்று தெரியாது, ஆனால் போய்விட்டது என்பது தெரியும். மனித நரம்பு மண்டலமும் அவ்வாறே என்றார் அவர்.

காந்தத்தில் நடப்பது என்ன என்று இன்று நமக்குத் தெரியும். இரும்பினுள் எண்ணற்ற நுண் காந்தப் பகுதிகள் உள்ளன. அவை பெரும்பாலும் ஒரே திசையை நோக்கி நின்றால் இரும்பு காந்தமாகிறது. அடி விழும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. ஆனால் இரும்பின் எடையோ, நீளமோ, நிறமோ மாறுவதில்லை. மேசைமேல் கிடக்கும்வரை நல்ல காந்தமும் கெட்ட காந்தமும் ஒன்றுபோலவே இருக்கும். இரும்புத் தூளருகே கொண்டுபோய், அதன் வேலையைச் செய்யச் சொல்லும்போதுதான் வேறுபாடு தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காந்தம் சக்தியிழக்கச் சுத்தியல் அடி ஒன்றே காரணம் அன்று. சூடேற்றினாலும் இழக்கும், முறையின்றி வைத்திருந்தாலும் நாளடைவில் இழக்கும். சக்தியிழந்த காந்தத்தைக் கையில் கொடுத்து, 'இது அடியால் கெட்டதா, சூட்டால் கெட்டதா?' என்று கேட்டால் எந்த மாணவனாலும் சொல்ல முடியாது. அந்தக் காந்தத்தின் கடந்த காலம் தெரிந்தவன்தான் சொல்ல முடியும். நம் கட்டுரையின் சிக்கல் முழுவதும் இந்த ஓர் உண்மைக்குள் அடங்கியிருக்கிறது.

எரிக்சனின் தண்டுவடக் கொள்கை நிலைக்கவில்லை. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்னும் அறுவை மருத்துவர் அதை மறுத்தார். தண்டுவடத்தில் காயம் எதுவும் தேவையில்லை, அச்சம் ஒன்றே இந்நோய்க்குப் போதுமானது என்றார். உளவியல் நோக்கில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பேஜ் ஓர் இரயில் கம்பெனியின் மருத்துவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அச்சம்தான் காரணம் என்றால், உடற்காயத்திற்குரிய நட்டஈடு எதற்கு என்று கம்பெனிகள் கேட்கலாம் அல்லவா? பணம் கொடுப்பவர் யார் என்பது அன்றே மருத்துவ விவாதத்துக்குள் நுழைந்துவிட்டது.

நோயா, ஓய்வூதிய ஆசையா?

அடுத்த காட்சி ஜெர்மனி. அங்கே 1884-இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1889-இல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற நரம்பியல் மருத்துவர், விபத்து அதிர்ச்சியால் வரும் நரம்பு நோய்கள் பற்றி நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அந்நாட்டுக் காப்பீட்டு அலுவலகமும் இந்நோய்க்கு நட்டஈடு உண்டு என ஏற்றது.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. 'ஓய்வூதியம் கிடைக்கும் என்ற ஆசையே நோயை உண்டாக்குகிறது' என்றனர் மறுப்பவர்கள். இதற்கு 'ஓய்வூதிய நோய்' என்றே பெயரிட்டனர். முதல் உலகப் போருக்குப்பின் இந்தக் கட்சி வலுத்தது. 1926-இல் அதே காப்பீட்டு அலுவலகம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, இத்தகைய நோய்களுக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. மருத்துவ அறிவு 37 ஆண்டுகளில் பின்னோக்கிப் போகவில்லை. போரில் நொந்தவர் தொகை பெருகிற்று, கருவூலம் வற்றிற்று. அதுதான் மாறியது.

ஓர் எழுத்தில் விதி

1915 பிப்ரவரியில் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் மூன்று படைவீரர்களைப் பற்றி எழுதினார். குண்டு அருகில் வெடித்தபின் அவர்களுக்குப் பார்வையும் நினைவும் குன்றின, சுவையும் மணமும் தெரியவில்லை. 'ஷெல் ஷாக்' என்ற சொல் இக்கட்டுரையால் பரவிற்று. ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே போகாத வீரர்களுக்கும் இதே குறிகள் தோன்றின.

அப்போது பிரிட்டிஷ் இராணுவம் ஒரு வழி கண்டது. பகைவரின் தாக்குதலால் வந்த ஷெல் ஷாக்குக்கு 'டபிள்யூ' என்று குறிப்பு எழுதினர். அது காயம். மற்றவற்றுக்கு 'எஸ்' என்று எழுதினர். அது வெறும் நோய். காயம்பட்டவருக்குச் சட்டையில் மரியாதைப் பட்டை உண்டு. நோய்ப்பட்டவருக்கு இல்லை. இருவருக்கும் நடுக்கம் ஒன்றே. எதனால் வந்தது என்று அலுவலர் நினைத்தாரோ அந்த ஓர் எழுத்து ஒருவனது வாழ்வைத் தீர்மானித்தது. 1922-இல் அரசு அமைத்த விசாரணைக் குழு, 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே விட்டுவிடும்படி கூறிற்று. சொல் போயிற்று, நோயாளிகள் போகவில்லை.

திருப்பம் வந்தது 1943-இல். படைவீரர் ஓய்வூதியத்துக்கான பிரிட்டிஷ் ஆணை அவ்வாண்டு மாற்றி எழுதப்பட்டது. அதுவரை, நோய் பணியினால் வந்தது என்று வீரர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதன்பின் அந்தச் சுமை வீரரின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே. 1947-இல் நீதிபதி டென்னிங், ஓய்வூதிய வழக்கு ஒன்றில், நிரூபணம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார். ஐயத்தின் நிழல்கூட இல்லாத நிரூபணம் எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை என்பது அவர் கூற்றின் சாரம்.

இதில் மறைந்திருக்கும் உத்தியைப் பாருங்கள். படையில் சேரும்போது மருத்துவர் சோதித்து, 'தகுதியுள்ளவர்' என்று எழுதினார். வெளியேறும்போது 'தகுதியற்றவர்' என்று எழுதுகின்றனர். ஆகவே இடைப்பட்ட காலத்தில், பணியில் இருந்தபோதுதான் கேடு நேர்ந்தது என்று முதலில் கொள்வோம். மறுப்பவர் மறுத்துக் காட்டட்டும். அதாவது, 'எதனால்?' என்ற கடினமான கேள்விக்குப் பதிலாக 'எப்போது?' என்ற எளிய கேள்வியைச் சட்டம் கேட்கத் தொடங்கிற்று. காரணத்தை அளக்கக் கருவியில்லை. காலத்தை அளக்க நாட்காட்டி போதும்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு' என்ற பெயரைச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையும் அவர்களுக்காக வாதாடியவர்களின் முயற்சியும் இதற்குப் பெரிதும் காரணம். நடந்தது மீண்டும் கண்முன் வருதல், அதை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குதல், எந்நேரமும் திடுக்கிடும் நிலை ஆகியன இதன் முக்கியக் குறிகள்.

மூளையில் என்ன நடக்கிறது? அச்சத்தை உணர்ந்து உடலை உசுப்பும் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். ஒரு நிகழ்ச்சியை இன்ன இடம், இன்ன நாள் என்று சேர்த்துப் பதிவதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பங்குண்டு. இந்நோயில் அச்சத்தின் பதிவு வலுவாகவும், இடமும் காலமும் பற்றிய பதிவு வலுவற்றும் இருப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். எனவேதான் தீபாவளிச் சரவெடியும் கருமருந்தின் வாடையும், 'அது முன்பு நடந்தது' என்று அவருக்குச் சொல்வதில்லை. 'இப்போது நடக்கிறது' என்றே சொல்கின்றன.

எனினும் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் இரத்தச் சோதனையோ மூளைப் படமோ இன்றும் இல்லை. மருத்துவர் கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்கிறார்.

காவலருக்கு வேறு தராசு

இதுவரை படைவீரர்களைக் கண்டோம். காவலர் நிலை என்ன? 1989 ஏப்ரல் 15-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டு 97 பேர் மாண்டனர். அங்கு இறந்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் தூக்கிச் சுமந்த காவலர் சிலர், தங்களுக்கு நேர்ந்த மனக்காயத்துக்கு நட்டஈடு கேட்டனர். 1998 டிசம்பர் 3-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், பெரும்பான்மையாக, மறுத்துவிட்டனர். தங்கள் உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், பார்த்ததனால் மட்டுமே வந்த மனக்காயத்துக்கு அவர்கள் உரிமை கோர முடியாது என்றனர். மைதானத்தில் உறவினரை இழந்தவர் பலருக்கே சட்டம் நட்டஈடு மறுத்திருக்கும்போது, காவலருக்குக் கொடுப்பதை மக்கள் நியாயமாகக் கருதமாட்டார்கள் என்பதும் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று இது. ஆனால் காவலரின் உறக்கத்துக்கு இது மருந்தும் அன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் இரண்டு தராசுகள் உள்ளன. இராணுவ வீரருக்கு 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள், பிரிட்டனின் 1943 ஆணையைப் போலவே, ஐயத்தின் பயனை வீரருக்குத் தந்தன. வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்திற்று. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது பணியில் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்றது. மருத்துவக் குழு மாறாகக் கருதினால், காரணம் எழுத வேண்டும்.

மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற படையினர் இராணுவ வீரரைப்போலவே துப்பாக்கி ஏந்துகின்றனர். ஆனால் ஓய்வூதியத்தில் அவர்களைக் கட்டுப்படுத்தியது, மத்திய அரசின் குடிமைப் பணியாளருக்குரிய 1939-ஆம் ஆண்டின் அசாதாரண ஓய்வூதிய விதிகள். இவற்றின் இடத்தில் 2023-இல் புதிய விதிகள் வந்தன. பழைய விதிகளின்கீழ் 2000 பிப்ரவரி 3-இல் வந்த ஆணை, இயலாமையை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரித்தது. 'ஏ' என்றால் இயற்கைக் காரணம், கூடுதல் உரிமை இல்லை. 'பி' என்றால் பணியினால் விளைந்தது அல்லது பணியினால் முற்றியது. மீண்டும் ஓர் எழுத்து! மாநிலக் காவலருக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் உண்டு. காரணத்தைக் கேட்கும் வழக்கம் அங்கும் உண்டு.

மனநோய் என்று வந்தால் இராணுவத் தராசும் ஆடுகிறது. 2013-இல் வீர்பால் சிங் வழக்கில், மருத்துவக் குழுவின் மனநோய் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் மறு பரிசோதனைக்கு ஆணையிட்டது. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், குழுவின் கருத்தை மதிக்க வேண்டும் என்று கூறி ஓய்வூதியம் மறுத்தது. 2025-இல் இன்னொரு வழக்கில், காரணம் எழுதாத குழுவின் முடிவு செல்லாது என்று ஓய்வூதியம் வழங்கச் சொன்னது. ஒரே நீதிமன்றம், ஒரே வகை நோய், மூன்று முடிவுகள். 'எதனால்?' என்று கேட்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

எவ்வளவு, எதனால், எப்போது?

'எவ்வளவு?' என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஒரு விடை உண்டு. இந்திய மனநல மருத்துவ சங்கத்தார் உருவாக்கிய 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் 2002-இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிதலும், வேலை செய்தல் என்ற நான்குக்கும் தலைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயின் காலத்துக்கு மேலும் 1 முதல் 4 வரை. மொத்தம் 20. 7 முதல் 13 வரை பெற்றால் 40 முதல் 70 விழுக்காடு இயலாமை. இது இரும்புத் தூள் சோதனையேதான். காந்தத்தின் நிறத்தைப் பார்க்காமல், அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறது. ஆனால் எவ்வளவு என்று சொல்லும் அளவுகோல் எதனால் என்று சொல்லாது.

'எப்போது?' என்று கேட்கும் சட்டமும் நமக்கு உண்டு. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், பிரிவு 47: பணியில் இருக்கும்போது ஊனம் அடைந்த ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. அவரால் அந்த வேலை முடியாவிட்டால், அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். இடமில்லையெனில் கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். மனநோயும் அச்சட்டத்தின் ஊனப் பட்டியலில் உண்டு. ஊனம் பணியினால் வந்ததா என்று இப்பிரிவு கேட்கவில்லை. பணிக்காலத்தில் வந்ததா என்றே கேட்டது. கால் துண்டிக்கப்பட்ட காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பது பதிலாகாது, வேலையே அவரது உரிமை என்றது. 2016-ஆம் ஆண்டின் சட்டத்தில் பிரிவு 20(4) ஆக இது தொடர்கிறது. ஆனால் அரசு விலக்கு அளிக்க இடமுண்டு. மத்தியப் படைகளின் போர்ப் பிரிவினருக்கு 2002-இல் விலக்கு அளிக்கப்பட்டது.

விலக்கு இருந்தும் ஒரு வழக்கு புதிய வழி காட்டிற்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் உதவிக் கமாண்டண்ட் ரவீந்தர் குமார் தாரிவாலுக்கு மனநோயால் 40 முதல் 70 விழுக்காடு இயலாமை என மருத்துவமனை சான்றளித்தது. அவர்மீதோ ஒழுங்கு நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்தன. 2021 டிசம்பர் 17-இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மனநலக் குறையுள்ளவர்மீது அந்நடவடிக்கையைத் தொடர்வது மறைமுகமான பாகுபாடு என்றது. அவருடைய நடத்தைக்கு நோய் ஒன்றே காரணம் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. தேவையானால் ஆயுதம் தொடாத மாற்றுப் பணியும், ஊதியப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு என்றும் கூறிற்று.

தமிழ்நாட்டிலும் சில முயற்சிகள் உண்டு. 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காவலருக்கான மனநலப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2021-இல் காவலருக்கு வார ஓய்வுக்கு ஆணை வந்தது. அடி விழாமல் காப்பது நல்லதே. ஏற்கெனவே அடி விழுந்தவர்களின் கணக்கு அப்படியே நிற்கிறது.

முதல் தாள்

என் மாணவரிடம் திரும்புவோம். 'நிரூபிக்க முடியவில்லை' என்பது அவருடைய குறையன்று. நிரூபிக்கவே முடியாத ஒன்றைக் கேட்பது கேள்வியின் குறை. நோயில்லாமலே நோய் என்பவரும் சிலர் இருக்கலாம். அவர்களைப் பிரித்தறிய விசாரணை வேண்டும்தான். ஆனால் ஆவணங்களும் மருத்துவர்களும் பணி ஏடுகளும் துறையின் கையில் இருக்கின்றன. உறக்கமற்ற மனிதரின் கையில் இருப்பது ஒரு மருந்துச் சீட்டு. இருவரில் யார் நிரூபிப்பது எளிது என்று நீங்களே சொல்லுங்கள்.

காவல் துறையில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாளில் எந்தக் களத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதற்கான ஆணையின் நகல், முதன்முதலாக மருத்துவரைக் கண்ட நாளின் சீட்டு, விடுப்பு விண்ணப்பத்தில் எழுதிய காரணம் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். முடிந்தால் பணியை விடுவதற்கு முன்பே மாற்றுப் பணி கேளுங்கள். விட்டபின் ஓய்வூதியத்துக்கு வாதாடுவது நெடும் பயணம்.

மாணவர் தம் பழைய பெட்டியிலிருந்து ஒரு தாளைத் தேடி எடுத்து வந்தார். பணியில் சேர்ந்த நாளில் அரசு மருத்துவர் கொடுத்த உடல் தகுதிச் சான்று. உயரம், மார்பளவு, கண்பார்வை எல்லாம் எழுதி, கீழே 'தகுதியுள்ளவர்' என்று கையொப்பம். புதிய மனுவில் அதையே முதல் இணைப்பாக வைத்தோம். மனு இப்போது ஒரு மேசையில் இருக்கிறது. அன்று அந்தக் காந்தம் சரியாக வடக்கைக் காட்டிற்று என்று துறையே எழுதிக்கொடுத்த தாள் அது. பின்பு அதன்மேல் விழுந்த அடிகளின் ஏடு யாரிடம் இருக்கிறதோ, அவர்தாம் இனிப் பதில் சொல்ல வேண்டும்.